மயக்கத்தில் சொன்னது

சிரிக்கத்தான் வேண்டும். இருபத்திரண்டு பேர் இரண்டு வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கும்போது நடுவில் ஒருத்தன் மட்டும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை டீ நேரத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். மகுடேசுக்கு என்னவாம், வீட்டில் ஏதோ சண்டையாம் என்று ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் அவன் பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஆகவே மகுடேஸ்வரனும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடை வலித்தது. மேடையில் நவநீதன் கண்ணை மூடியபடி ஒரு முழுப் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் என்று கடித்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாயோரம் சாறு வழிந்தது, "எப்படி இருக்கிறது நண்பரே, இனிக்கிறதா?" என்று மைக்கில் கேட்டார் ஹிப்னாடிசக்காரர், "தேனாட்டம் இருக்குதுங்க" என்றான் நவநீதன், ஹால் அதிர்ந்தது. இனிக்கும், உனக்கு எல்லாமே இனிக்கும், மேனேஜர் நீட்டுகிற எதுவுமே உனக்கு இனிக்கும்டா என்று நினைத்தான் மகுடேஸ்வரன், நினைத்தபடியே கை தட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவினாசி சாலை ஹோட்டல் ஒன்றின் மாடி ஹாலில், ஏசி குளிரில், ஊர்பேர் தெரியாத எண்பது தொண்ணூறு பேரோடு சேர்ந்து கை தட்டுவதற்கென்று அவனை வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சந்தோசமாக இருங்கள் என்று கம்பெனி உத்தரவு. பின்னால் யாரோ சோளப்பொரியை நொறுக்குகிற சத்தம் காதுக்குள் புழுவாய் ஊர்ந்தது. திரும்பிப் பார்த்து முறைக்கவும் முடியாது, முறைத்தால் அதற்கும் ஒரு பேச்சு.

இந்தச் சந்தோசம் எதற்காகக் கிடைத்தது என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மோட்டார் பம்ப் கம்பெனியில் வாரண்டி பிரிவு அவர்களுடையது. போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டார் வாரண்டி முடிவதற்குள் புகைந்துபோனால் விவசாயி அதைக் கயிறு கட்டித் தூக்கி, டெம்போவில் போட்டு, டீலரிடம் கொடுத்து, டீலர் இங்கே அனுப்புவார். இங்கே பிரித்துப் பார்த்து ஏன் எரிந்தது என்று ஒரு அட்டையில் எழுதிக் கம்பியால் மோட்டார் கழுத்தில் கட்ட வேண்டும். அட்டைக்கு டேக் என்று பெயர். நம் தப்பென்றால் புது மோட்டார் கொடுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினான் என்றால் கொடுக்க வேண்டாம், அதற்குப் பெயர் ட்ரை ரன். போன வருசம் பூராவும் காயிலுக்குப் போடுகிற வார்னிஷைச் சூளையில் சரியாக வேகவைக்காமல் அனுப்பிவிட்டார்கள். பிரித்தவுடனே தெரியும், எரிந்த இடம் கருப்பாகவும் எரியாத இடம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். ஆனால் மேனேஜர் பாலதண்டாயுதம் எல்லாரையும் நிற்கவைத்து, ஒரு தகப்பனுக்குரிய கனிவோடு, "எதப் பிரிச்சாலும் ட்ரை ரன்னுன்னு எழுதுங்க சாமி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். எழுதினார்கள். நவநீதன் பிரிக்காமலேயே எழுதினான். மகுடேஸ்வரனும் எழுதினான், எழுதாமல் என்ன, ஒரு நாளைக்கு முப்பது டேக் எழுதினான். அன்னூர்க்காரன் ஒருத்தன் கிணறு நிறையத் தண்ணி கெடக்குதுங்க, வந்து பாருங்க, காலைத் தொட்டுக் கேக்கறேன் என்று கேட்டில் நின்று அழுதபோதும் எழுதினான். அந்த வருசம் அவர்கள் பிரிவு மாற்றிக் கொடுத்த மோட்டார்களின் எண்ணிக்கை கம்பெனி சரித்திரத்திலேயே குறைவு. அதற்குத்தான் கேடயம், அதற்குத்தான் வேன், அதற்குத்தான் இந்த வெங்காயம். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்த வார்னிஷ் வாடை இந்த ஏசியிலும் தன் கையிலிருந்து வருகிறதோ என்று அவன் மோந்து பார்த்தான். வரவில்லை. வராதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேடையில் மூன்று நாற்காலிகள். நவநீதனுக்குப் பக்கத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் பாலதண்டாயுதம். ஆரம்பத்தில் ஹிப்னாடிசக்காரர் எல்லாரையும் விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொன்னார், கைகள் பசை போட்டு ஒட்டிவிட்டன என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, பிரியுங்கள் பார்க்கலாம் என்றார். பிரிக்க முடியாதவர்கள்தான் எளிதில் மயக்கத்துக்குப் போகிறவர்களாம், அவர்களை மேடைக்குக் கூப்பிடுவாராம். ஹாலிலேயே முதல் ஆளாகக் கையைப் பிரித்தவன் மகுடேஸ்வரன்தான். நெருப்பைத் தொட்டவன்போலப் பிரித்து இரண்டு தொடைக்கடியிலும் வைத்துக்கொண்டான். மேனேஜரோ "அடடா, வரமாட்டேங்குதேப்பா" என்று கோத்த கையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார், அதைப் பார்த்தவுடனே நவநீதனுக்கும் ஒட்டிக்கொண்டது, அவரோடு ஒட்டாமல் அவனுக்கு எதுதான் தனியாக ஒட்டும். மூன்றாவதாகப் போனது சாந்தாமணியக்கா, பதிவேடு பார்க்கிறவள், ஐம்பது வயது, மதியம் இவன் டிபன் மூடியில் கேட்காமலே எலுமிச்சை ஊறுகாய் வைக்கிறவள், அந்த ஆபீசில் இவன் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஜீவன். அவளை இந்தக் கூத்துக்குள் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது மேனேஜர் மூன்றாம் வகுப்புப் பையனாம். சுண்டுவிரலைத் தூக்கி, "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்" என்று கீச்சுக் குரலில் கெஞ்சினார். ஹாலில் ஒருத்தரும் நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. அந்த வழுக்கைத் தலையையும் அதன் மேல் விழுந்த மஞ்சள் விளக்கையும் பார்த்து மகுடேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மயக்கம் என்றால் அப்படி ஒரு மயக்கமா, இப்படிப்பட்ட மனுசனையே மூத்திரத்துக்குக் கெஞ்ச வைக்கிறதென்றால் என்னை மாதிரி ஆள் என்ன ஆவது, நெற்றியில் கை வைத்து உள்ளே இருப்பதைச் சொல் என்றால் நான் எதைச் சொல்வேன். எதைச் சொல்வேன் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் தொடைக்கடியில் கை.

கடிதம். எட்டு மாசத்துக்கு முன்னால் கம்பெனி சேர்மன் வீட்டு விலாசத்துக்குப் போன மொட்டைக் கடிதம். வார்னிஷ் சரியில்லை, வாரண்டி பிரிவில் பொய் எழுதுகிறார்கள், ஆதாரத்துக்கு இந்த நாற்பத்து மூன்று மோட்டார்களைப் பிரித்துப் பாருங்கள் என்று நம்பரோடு எழுதியவன் இவன்தான். அப்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அந்த அன்னூர்க்காரன் முகம் அப்படித் தூங்கவிடாமல் செய்தது. எழுத உட்கார்ந்தவனுக்கு நம்பர் வேண்டும். தன் ரேக்கில் இருந்த மோட்டார்களின் நம்பரைப் போட்டால் நாளைக்கே பிடித்துவிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் தனித் தனி ரேக். அதனால் எல்லாரும் போனபிறகு பக்கத்து ரேக்கில் நின்று எழுதிக்கொண்டான். பக்கத்து ரேக் ஜெசிந்தாவுடையது. ஏன் அது, நவநீதன் ரேக் நான்கடி தள்ளித்தானே இருந்தது, அந்த நான்கடி நடக்க என்ன கேடு என்று எட்டு மாசமாகக் கேட்டுக்கொள்கிறான். பதில் ரொம்பச் சின்னது. நவநீதன் டேக்கெல்லாம் கிறுக்கல், படிக்க முடியாது. ஜெசிந்தா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்தக் காரணத்துக்காக ஒரு பொம்பிளையின் பிழைப்பில் மண் விழுமா, விழுந்தது. அவன் யாரும் மாட்டக்கூடாது என்றா நினைத்தான், தான் மாட்டக்கூடாது என்று நினைத்தான், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போது அளந்து பார்க்கவில்லை. சேர்மன் ஆபீசில் கடிதத்தைப் படித்துக்கூடப் பார்த்தார்களோ என்னவோ, மூலையில் 'கவனிக்கவும்' என்று எழுதி யாருக்கு எதிராக எழுதியதோ அவருக்கே அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் நம்பர்களைப் பார்த்தார், எல்லாம் ஒரே ரேக், கூப்பிட்டார் ஜெசிந்தாவை. "நான் எழுதலீங்க சார்" என்று கண்ணாடிக் கதவுக்குள் அவள் மூன்று தடவை சொன்னது வெளியே கேட்டது. ராய்ப்பூர் கிடங்குக்கு மாற்றல் போட்டார்கள், பத்தாம் வகுப்பு படிக்கிற மகளை யாரிடம் விட்டுப் போவது, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வடவள்ளிப் பக்கம் ஒரு பேக்கரியில் கல்லாவில் இருக்கிறாள். தெரியாமல் ஒரு நாள் பன் வாங்கப் போய் நின்றுவிட்டான். "அண்ணா, நல்லா இருக்கறீங்களா, ஆபீசுல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்று அவள் கேட்ட அந்த முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அன்றிலிருந்து அவன் மருதமலை ரோட்டை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

"இனி உண்மை நேரம்!" என்று ஹிப்னாடிசக்காரர் கத்தினார். அவர் கோட்டில் ஜிகினா மின்னியது. பேராசிரியர் மனோரஞ்சித் என்று பேனரில் போட்டிருந்தது, எந்தக் கல்லூரியில் என்று போடவில்லை. மயக்கத்தில் இருக்கிறவர் பொய் சொல்ல மாட்டார், சொன்னதை எழுந்தபிறகு நினைவில் வைத்திருக்கவும் மாட்டார், ஆகவே யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நாடகத் தமிழில் விளக்கம் கொடுத்துவிட்டு, "நண்பரே, உங்கள் அலுவலகத்தில் யாருடைய முகத்தைக் கண்டால் உங்களுக்குப் பிடிக்காது?" என்று நவநீதனிடம் கேட்டார். நவநீதன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான், இரண்டாவது வரிசை, நடு. "மகுடேசண்ணன். காலைல அந்த மூஞ்சியப் பாத்தா அன்னிக்கு நாள் வெளங்காதுங்க. எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பாரு, ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு, எங்களையெல்லாம் புழுவாட்டம் பாப்பாரு." ஊர்பேர் தெரியாத எண்பது பேரும் திரும்பி அந்த மூஞ்சியைத் தேடினார்கள். மகுடேஸ்வரன் பல்லைக் காட்டினான், கையைத் தூக்கி ஒரு கும்பிடுகூடப் போட்டான். பரவாயில்லை, மயக்கம், அவனா பேசினான். அடுத்தது சாந்தாமணியக்கா. "அம்மா, ஒருவரிடம் வெகுநாளாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன?" என்றார் பேராசிரியர். அவள் தலை தொங்கியபடியே பேசினாள், அந்தக் குரல் ஊறுகாய் வைக்கிற குரல் இல்லை. "மகுடேசுக்குத்தானுங்க சொல்லோணும். ஜெசிந்தா டேபிளக் காலி பண்ணிட்டுப் போன அன்னிக்கு இவரு தலையக் குனிஞ்சுட்டு டேக் எழுதிட்டே இருந்தாரு. எந்திரிச்சு, போயிட்டு வாம்மான்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியுமுங்க." ஹால் "ஓ...ஓ" என்று இழுத்தது, எவனோ விசில் அடித்தான், பேராசிரியர் இது ஏதோ பெரிய இடத்து விவகாரம் என்று கண்ணடித்துவிட்டு விரலைச் சொடுக்கினார். மூவரும் விழித்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. "நான் வெங்காயமா தின்னேன், அட ஆண்டவா" என்று நவநீதன் வாயை ஊதி ஊதிக் காட்டினான், "நான் ஏதுங் கீதும் ஒளறிட்டனாப்பா?" என்று மேனேஜர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டே கேட்டார், பக்கத்து ஆட்கள் சொல்லச் சொல்லத் தொடையில் அடித்துச் சிரித்தார்.

சாந்தாமணியக்கா வந்து அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முன் வரிசையிலிருந்து நவநீதன் திரும்பி, "அண்ணா, நான் உங்களப் பத்தி என்னமோ சொன்னேன்னு சொல்றாங்க, மனசுல வெச்சுக்காதீங்ணா" என்று வழிந்தான், வெங்காய நாற்றம் முகத்தில் அடித்தது. "மயக்கத்துல சொன்னதுதானப்பா" என்றான் மகுடேஸ்வரன், என்ன பெருந்தன்மை. அக்கா திரும்பவில்லை, மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் என்றாளே, என்ன தெரியும், எவ்வளவு தெரியும். அன்று சாயங்காலம் எல்லாரும் போனபிறகு ஜெசிந்தா ரேக் முன்னால் அவன் காகிதமும் பேனாவுமாக நின்றபோது, மறந்துபோன டிபன் பைக்காக அக்கா திரும்பி வந்தாள், "இன்னும் கெளம்பலீங்களா" என்றாள், "ஸ்க்ரூ டிரைவரக் காணோமுங்கக்கா, தேடறேன்" என்றான். காகிதத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறவன். அவள் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் எட்டு மாசமாக ஊறுகாய் வைத்துக்கொண்டிருக்கிறாள், தெரிந்துகொண்டே வைத்தாளா, அப்படியென்றால் அந்த ஊறுகாய்க்கு என்ன அர்த்தம், நீ எப்போது வாயைத் திறப்பாய் என்று அர்த்தமா, சே, ஊறுகாய்க்கு என்ன அர்த்தம், ஊறுகாய்தான். மயக்கத்தில்தான் சொன்னாள், விழித்தபிறகு அவளுக்கே ஞாபகமில்லை. ஆனால் ஞாபகமில்லை என்றால் தெரிந்தது தெரியாமல் போய்விடுமா, உள்ளே இருக்கத்தானே செய்கிறது, இன்னொரு நாள் இன்னொருத்தன் நெற்றியில் கை வைத்தால் மிச்சமும் வரும். ராய்ப்பூர். இல்லை, ராய்ப்பூர்கூடக் கிடையாது, நேரே வீட்டுக்குத்தான், நாற்பத்து நாலு வயதில் வார்னிஷ் மோந்து பார்க்கிறதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான். அந்தப் பேக்கரிக் கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி உயரம் குறைவு, எட்டி எட்டித்தான் பன் எடுத்தாள், ஒரு தலையணை போட்டுக்கொண்டால் என்ன, யாராவது சொல்லக் கூடாதா, நான் சொல்லலாம், போய்த் தலையணையைப் பற்றிச் சொல்லலாம், அதையாவது சொல்லலாம். என்னமோ சத்தம் குறைந்துபோயிருந்தது. தலையை நிமிர்த்தினான். ஹால் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேராசிரியர் இரண்டாவது தடவை எல்லாரையும் கை கோக்கச் சொல்லி, ஒட்டவைத்து, பிரிக்கவும் சொல்லி முடித்திருக்கிறார். இவன் எப்போது கோத்தான் என்று இவனுக்கே தெரியாது. விரல்கள் நெஞ்சுக்கு முன்னால் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுகிக் கோத்திருந்தன, ஹாலில் வேறு ஒருத்தர் கையும் கோத்து இல்லை.

"எந்திரிங்க மகுடேசு! நம்ம பிரிவு மானத்தக் காப்பாத்துங்க!" என்று மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார். இல்லீங்க சார், எனக்குத் தலைவலி, எனக்கு பிரஷர் என்று என்னென்னமோ வாய்க்குள் வந்தது, வெளியே வந்தது "ஹி ஹி" மட்டும்தான். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒன்றைத் தீர்மானித்தான்: நாக்கைக் கடித்துக்கொள்வது, மயங்கி விழுந்தவன்போல விழுந்துவிடுவது, ஜெசிந்தா என்ற பெயரை நினைக்காமல் இருப்பது, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருப்பது. பதினேழாம் வாய்ப்பாடு. ஓர் பதினேழு பதினேழு. நாற்காலியில் உட்காரவைத்தார்கள், விளக்கு கண்ணைக் குத்தியது, கீழே இருந்த முகமெல்லாம் கருப்பாகிவிட்டது. பேராசிரியர் குனிந்து அவன் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தினார், அத்தரும் வியர்வையும் கலந்த வாடை. இரு பதினேழு முப்பத்துநான்கு. போச்சு, இதோ போகிறது என்று கண்ணை இறுக மூடினான். அப்போது பேராசிரியர் இன்னொரு கையால் மைக்கைப் பொத்திக்கொண்டு அவன் காதுக்குள் பேசினார், நாடகத் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது, சுத்தமான திருப்பூர்ப் பேச்சு: "ஏனுங், இப்படி நடுங்கறீங்க? தூக்கங் கீக்கமெல்லாம் ஒண்ணும் வராதுங். சும்மா கண்ண மூடிட்டு நாஞ் சொல்ற மாதிரி பண்ணுங்க, அவுங்க மூணு பேரும் அப்படித்தான் பண்ணுனாங்க. அஞ்சு நிமிசந்தான், ஜனம் சிரிச்சுட்டுப் போகட்டும்." பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்து, "இதோ, ஆழ்ந்த, ஆழ்ந்த உறக்கம்" என்று ஹாலுக்குச் சொன்னார்.

மகுடேஸ்வரன் தலையைத் தொங்கவிட்டான். தொங்கவிடச் சொன்னார், விட்டான். கண்ணுக்குள் சிவப்பாக விளக்கு. மூணு பேரும் அப்படித்தான். அப்படியென்றால் வெங்காயம் வெங்காயமாகத்தான் இருந்தது. முழு வெங்காயத்தையும், காரம் மூக்கில் ஏற, கண்ணில் தண்ணீர் கொட்ட, தெரிந்தே தின்றிருக்கிறான் அந்தப் பாவி, மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பதற்காக. மேனேஜர் ஒண்ணுக்குக் கேட்டதும் தெரிந்தேதான், அப்பாடி, என்ன நடிப்பு, மனுசன் கோமாளி வேசம் போட்டாவது எல்லாரையும் தன்னைப் பார்க்க வைப்பான். இதையெல்லாம் நினைத்தபோது முதலில் வந்தது சிரிப்புதான், நிஜச் சிரிப்பு, இந்தச் சாயங்காலத்தின் முதல் சிரிப்பு. நெஞ்சு வரை வந்து நின்றது, ஏனென்றால் அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது. புழுவாட்டம் பார்ப்பார் என்று நவநீதன் சொன்னதும் தெரிந்தேதான். கையை நீட்டினானே, கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சரியாக இரண்டாவது வரிசை நடு என்று நீட்டினான், அப்போதே புரிந்திருக்க வேண்டாமா. சொன்னான், இறங்கினான், மனசுல வெச்சுக்காதீங்ணா என்றான், நானும் என்ன பெருந்தன்மையாகத் தலையாட்டினேன், மடையன், மடையன். அப்புறம் அக்கா. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முழு நினைவோடு, மைக்கில், ஊருக்கு முன்னால். ஏன் தனியாகச் சொல்லவில்லை, எட்டு மாசம் எதிரெதிரே சாப்பிட்டோமே. தனியாகச் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன், ஸ்க்ரூ டிரைவர் என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். நான் இன்று வரை பயந்தது மயக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று. தானாக எதுவும் திறக்காது. அது எவ்வளவு நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையே, ஏன் இல்லை. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போகலாம், ஏதாவது அற்பத்தைச் சொல்லலாம், பெண்டாட்டிக்குத் தெரியாமல் பரோட்டா தின்கிறேன் என்று சொல்லலாம், சிரிப்பார்கள். வேனில் ஏறி வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை முப்பது டேக்.

"இவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்த ஒரு உண்மையை இப்போது சொல்லப் போகிறார்" என்றார் பேராசிரியர், மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார். பின்னால் சோளப்பொரி நொறுங்குகிற சத்தம்கூட நின்றது. பரோட்டா என்று சொல்லத்தான் மகுடேஸ்வரன் வாயைத் திறந்தான். சத்தியமாகப் பரோட்டாதான் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கண் மூடியிருந்தும் முதல் வரிசையில் தொடையில் அடித்துச் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் அந்த வழுக்கைத் தலை தெரிந்தது, கேடயம் தெரிந்தது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரிப்பதற்கு எத்தனை எரிந்த மோட்டார் தேவைப்பட்டது என்பது தெரிந்தது, அவனுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது, அவர்கள் மேலும் அவர்களோடு சேர்ந்து கை தட்டிய தன் கை மேலும். "சேர்மனுக்கு லெட்டர் எழுதுனது நான்" என்றான். குரல் ஸ்பீக்கரில் யாரோ மாதிரி கேட்டது. "ஜெசிந்தா எழுதலை. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. நம்பரெல்லாம் அவ ரேக்குல இருந்து நாந்தான் எழுதி எடுத்தேன், என் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு. லெட்டர்ல இருந்தது எல்லாம் நெசம். வார்னிஷ் வேகலை. எவனும் தண்ணியில்லாம ஓட்டலை." பின் வரிசைக்காரர்கள் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே, அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்த பழக்கத்தில். முன் இரண்டு வரிசையும் மேனேஜர் முகத்தைப் பார்த்தது. பேராசிரியருக்கு இடம் சரியில்லை என்று புரிந்துவிட்டது, அவசரமாக, "அருமை, அருமை, விரல் சொடுக்கியதும் விழிப்பீர்கள், சொன்னது எதுவும் நினைவில் இருக்காது" என்று சொடுக்கினார், சொடுக்கு சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொடுக்கினார்.

மகுடேஸ்வரன் கண்ணைத் திறந்தான். மேனேஜர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் அந்தத் தகப்பன் கனிவு, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல். "என்ன மகுடேசு, கனவு கினவு கண்டீங்களா? என்னமோ ஒளறுனீங்க. ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, இல்லை என்று சொல்லுமாறு தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக் காட்டினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஆட்டிக் காட்டுகிற மாதிரி. அப்படியொரு வழி இருப்பது இவனுக்கும் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு 'இல்லீங்க சார்', அவ்வளவுதான், திங்கட்கிழமை டீ நேரத்தில் மகுடேசு மயக்கத்தில் உளறிய கதை ஆகிவிடும், வெங்காயக் கதைக்கு அடுத்த கதை. "இருக்குதுங்க சார்" என்றான் மகுடேஸ்வரன். "உங்களுக்கு இருக்கற மாதிரியேதான் எனக்கும் இருக்குது." மேனேஜர் உட்கார்ந்தார். நவநீதன் கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான், ரொம்ப நேரம் சரிசெய்தான். மகுடேஸ்வரன் நான்கு படிகளும் இறங்கித் தன் இடத்துக்கு வந்தான், உள்ளே, சொல்லவே வெட்கம்தான், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவள் ஒருத்திக்காவது புரியும் என்று உட்கார்ந்து பக்கத்தில் திரும்பினான். சாந்தாமணியக்கா மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பேராசிரியர் அடுத்த வேடிக்கைக்கு ஒரு வாளியை எடுத்துவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மகுடேசு," என்றாள் அவள், தலையைத் திருப்பாமல், "இந்த நாலு வார்த்தையச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு வித்தைக்காரன் வேண்டியிருந்துதாக்கும்?"